ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த ஞாயிறு

ஆறு கடலில் சேரும் கழிமுகங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆற்று நீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும், மீன் குறையும். நீர் கூடினால் மீனும் கூடும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து கடல் வெகுதூரம். ஓடும் தண்ணீர் நிற்கும் தண்ணீரில் சேரும் இடத்தையாவது பார்க்கலாம் என்று, ஐப்பசியில் மேற்கே நல்ல மழை பெய்த மறுநாள் சாமளாபுரம் பக்கம் கிளம்பினேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை.

மங்கலம் வழியாகப் போகும் நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. காலை எட்டு மணிக்கு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். எதற்குப் போகிறேன் என்று நடத்துநர் கேட்டார். மீன் பார்க்க என்றேன். “ஞாயித்துக்கிழமை எல்லாரும் மீனு திங்கத்தானுங்க போவாங்க” என்றார்.

நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து குளத்துக்குப் போகும் இடத்தில், தண்ணீரை அடைக்க ஒரு இரும்பு ஷட்டர். அதைத் திருகும் கைப்பிடி, பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் குப்புசாமியின் கையில் இருந்தது. எதிரே, அந்தக் குளத்தில் மீன் வளர்க்கும் சரசு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“ஏனம்மிணி, வர்ற தண்ணிய வேண்டாங்கறது நீ ஒருத்திதான்.”

“தண்ணி வேண்டாம்னு யாருங்ணா சொன்னா? மொதத் தண்ணி போவட்டும்னுதான் சொல்றேன். போன வருசம் மீனெல்லாம் மெதந்தப்ப கரையில நின்னு பாத்தீங்கல்ல?”

சரசு எனக்கு விளக்கினார். கோடையெல்லாம் ஆற்றில் ஓடுவது ஊர்ச் சாக்கடைதான். அதன் கறுப்புச் சேறு அடியில் படிந்துகிடக்கும். முதல் வெள்ளம் அதைக் கிளறிக்கொண்டு வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். குப்புசாமியின் கணக்கு வேறு. இந்தப் புதுத் தண்ணீர் இரண்டு நாள்கூட ஓடாது. இன்று குளத்துக்குள் விட்டால்தான் அவர் கிணறு ஊறும்.

போன வருட ரகளைக்குப் பிறகு இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஷட்டருக்கு முன்னால், புதுத் தண்ணீரில், வலைப்பையில் நாலு மீனைக் கட்டிவிடுவது. டீ குடித்து முடிக்கும்போது மீன் உயிரோடிருந்தால் திறக்கலாம்.

எனக்கும் ஒரு டீ கிடைத்தது. பையைத் தூக்கினார்கள். இரண்டு ஜிலேபிக் கெண்டை துள்ளின. இரண்டு கட்லா செத்திருந்தன.

“உசுரோடதான இருக்குது” என்றார் குப்புசாமி.

“ஜிலேபி சாக்கடையிலயே குட்டி போடுமுங்ணா. அது தானா வந்தது. நான் குஞ்சு வாங்கி விட்டது கட்லா.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். “கண்ணு, நீ படிச்ச புள்ள. சொல்லு” என்றார் குப்புசாமி. நீர் கூடினால் மீன் கூடும் என்பது நினைவுக்கு வந்தது. எந்த நீர், எந்த மீன் என்று நான் படித்ததில் இருந்ததா? தெரியலைங்க என்றேன்.

“அதுக்குப் படிக்காமயே இருந்திருக்கலாம்” என்றார் சரசு. குப்புசாமியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு உடனே திறக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். வேறு கட்லாக்களைக் கட்டினார்கள். அவையும் செத்தன. மாலை நாலு மணிக்குக் கட்டியவை பிழைத்தன. ஷட்டர் திறந்தபோது ஆறு இறங்கியிருந்தது. வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் போயிற்று.

“உம்பட மீனு பொழச்சுப்போச்சு” என்றார் குப்புசாமி. “என்ற தென்னைய எந்தப் பையில கட்டித் தொங்கவிட்டுப் பாக்கறது?”

சரசு வலைப்பையை அவிழ்த்தார். இரண்டு ஜிலேபியைக் குப்புசாமியின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மேற்கே மழை பெய்த மறுநாளே போங்கள், ஒரு நாள் தள்ளினால் ஆறு பழையபடி ஆகிவிடும். வழுக்காத செருப்பு வேண்டும். யார் பக்கம் என்று கேட்பார்கள். நான் திரும்பும் பேருந்திலும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.