நூற்று நாற்பத்து மூன்றாவது பெயர்

கணவர் வீட்டைப் பூட்டினால் அவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தானே பூட்டினால் அந்தக் கவலை இல்லை. உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி அண்ணி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவாள். அண்ணிக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு.

வேலை ஒரு மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில். அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து அங்குள்ள பதினெட்டு கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்க்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பில் போடும் மென்பொருள் படுத்துவிட்டது. அது ஓடுவதற்கு ஜேடிகே என்கிற ஜாவா கருவித்தொகுப்பு வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கும் ஒரு களஞ்சியத்திலிருந்துதான் அதை ஒரு பேக்கேஜாக, அதாவது அப்படியே நிறுவிக்கொள்ளத் தயாராகக் கட்டி வைத்த பொட்டலமாக, இறக்குவார்கள். போய்ப் பார்த்தால், அந்தப் பேக்கேஜைக் கவனித்து வந்தவர் கைகழுவிவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. 'பராமரிப்பாளர் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்தால் கண்டவனும் கை வைப்பானே என்று பதறிப்போய் அவளே அதை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அவளுக்குப் பசி தூக்கம் கிடையாது. மூலநிரலை இறக்கி, வழியில் யாரும் விளையாடவில்லையே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சொந்த லேப்டாப்பில் பேக்கேஜாகக் கட்டி, தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசிய மின்சாவியால் மின் முத்திரை குத்தி ஏற்றுவாள். அந்த முத்திரையை நம்பி முப்பதாயிரம் கம்ப்யூட்டர்கள் அதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "காசு பணம் இல்லாத வேலைக்கு இவ்வளவு டென்ஷனா?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். பிறகு அவரே அலுத்து விட்டுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில் களஞ்சியத்தின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரே ஆளை நம்பி எந்தப் பேக்கேஜும் இருக்கக்கூடாதாம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவரை அவளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்களே ஒருவரைப் போடுவார்கள்.

"என் அடுக்களைக்குள்ள இவங்க ஆள் வைப்பாங்களா?" என்று குதித்தாள்.

உதவிக்கு வருகிறேன் என்று ஏற்கெனவே இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஒருவர் எப்போது பார்த்தாலும் "அக்கா, நீங்க செஞ்சா அதுல தப்பே இருக்காது" என்று எழுதுவார். அவள் மனசுக்குள் வைத்த பெயர் சர்க்கரை. இன்னொருவர் தானே மரங்கொத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர். பெயருக்கேற்றபடி சதா கொத்தல்தான். இதை ஏன் இப்படிச் செய்தீர்கள், அதை எங்கிருந்து எடுத்தீர்கள், ஏன், ஏன், ஏன்.

விடுவாளா அவள்? இருவருடைய பூர்வீகத்தையும் தோண்டித் துருவி ஒரு நோட்டில் எழுதினாள். சர்க்கரை இரண்டு வருஷமாக இருக்கிறது, எல்லோரிடமும் நல்ல பெயர். மரங்கொத்தி வந்து ஐந்தே மாதம், படம் கிடையாது, சொந்தக் கதை ஒரு வரி கிடையாது. மரங்கொத்திக்கு நேரே இரண்டு கேள்விக்குறி போட்டாள். அப்புறம் இன்னொன்றும் சேர்த்துப் போட்டாள்.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் மினுங்கியது. எல்லோரும் பார்க்கிற பொதுப்பக்கத்தில் மரங்கொத்தி எழுதியிருந்தது.

"உங்க பேக்கேஜை நானும் என் மெஷின்ல கட்டிப் பார்த்தேன். ஒரு ஃபைல் மட்டும் ஒத்துப்போகல. யார் யார் கொடுக்கிற இணையதளச் சான்றிதழை நம்பலாம்னு சொல்ற பட்டியல் அது. என்னோடதுல நூத்தி நாப்பத்திரெண்டு பேர். உங்களோடதுல நூத்தி நாப்பத்திமூணு. அந்த நூத்தி நாப்பத்திமூணாவது ஆள் யாரு? ஏன்?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. சரியாக வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் கிளப்புகிறதே, இது தன் பெயரைக் கெடுத்துப் பேக்கேஜைச் சுருட்டுகிற வேலை என்று முடிவே கட்டிவிட்டாள். மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மரங்கொத்தியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற வேகத்தில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்து எண்ணினாள்.

நூற்று நாற்பத்து மூன்றாவது பெயர் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கு.

மறுபடி எண்ணினாள், அதேதான். ஆறு மாதத்துக்கு முன்னால், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கிடங்கில் சொன்னார்கள். ஊழியர்களின் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க, கிடங்கு தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றை அவரவர் லேப்டாப்பில் போடச் சொன்னது. போட்டவளும் அவள்தான். பேக்கேஜைக் கட்டும்போது அந்த நம்பிக்கைப் பட்டியல் லேப்டாப்பிலிருந்தே எடுக்கப்படும்படி எழுதி வைத்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை. இப்போது இரண்டு பதிப்புகள் போய்விட்டன. கிடங்கில் கெட்ட புத்தி உள்ளவன் ஒருத்தன் இருந்து ஒரு பொய்யான வங்கித் தளத்துக்கு அந்தச் சான்றிதழால் உத்தரவாதம் கொடுத்தால், முப்பதாயிரம் கம்ப்யூட்டர்களிலும் உள்ள ஜாவா நிரல்கள் அதை நிஜமென்று நம்பும்.

ஊரையே சந்தேகப்பட்டவள், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் எல்லாம் தன் முதலாளியைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள். அவமானத்தில் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்துச் சர்க்கரையிடமிருந்து தனிச்செய்தி.

"அக்கா, நானும் பார்த்தேன். பதறாதீங்க. அடுத்த பதிப்புல சத்தமில்லாம எடுத்துடலாம். மரங்கொத்தியோட கேள்விய நான் 'முடிந்தது'ன்னு போட்டு மூடிடறேன். யாருக்கும் தெரியப்போறதில்ல. ஒன்பது வருஷமா நீங்க செஞ்சதுக்கு இதுகூடச் செய்ய மாட்டோமா?"

பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் சர்க்கரை இனித்தது. நாலு தரம் படித்தாள். 'சரி' என்று அடித்துக்கூட வைத்தாள். அனுப்பப்போகும் விரல் அப்படியே நின்றது. என் தப்பை இவ்வளவு சுலபமாக மூடத் தெரிந்த கைக்கு, நாளைக்குத் தன் தப்பை மூட எவ்வளவு நேரம் ஆகும்?

'சரி'யை அழித்தாள். பொதுப்பக்கத்துக்குப் போய் எழுதினாள்: தவறு என்னுடையது, இந்த இரண்டு பதிப்புகளையும் உடனே நீக்குங்கள், அந்தப் பெயர் நான் வேலை பார்க்கும் இடம். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் எழுதி முடித்து, அனுப்பிவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது பராமரிப்பாளராக மரங்கொத்தியின் பெயரைக் கொடுத்தாள். காலுறையைத் தேடிக்கொண்டிருந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு அது?"

"தெரியாது."

"ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியாதுங்க."

"பால் பாக்கெட்டையே நாலு பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குறவ நீ. யாருன்னே தெரியாத ஆள எப்படி நம்பின?"

"நான் நம்பல. ஆனா அதுவும் என்னை நம்பல இல்ல, அது போதும்."

மரங்கொத்தியின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. நன்றி, வணக்கம் ஒன்றும் இல்லை. முதல் மாற்றத்தை எழுதி அவள் சம்மதத்துக்கு அனுப்பியிருந்தது. இனி யாருடைய சொந்த மெஷினிலும் பேக்கேஜைக் கட்டக்கூடாது, களஞ்சியத்தின் பொது மெஷினில்தான். ஒரு முத்திரை செல்லாது, இரண்டு பேர் குத்த வேண்டும். கடைசி வரியில், அவளுடைய பழைய சாவி ரத்து.

ஒன்பது வருஷத்துச் சாவி. எங்காவது ஓட்டை இருக்காதா என்று மூன்று தரம் வரிவரியாகத் துருவினாள். ஒன்றும் அகப்படவில்லை. 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். தெருமுனையில் அவள் நின்றாள்.

"என்ன, மறந்துட்டியா?" என்றார் கணவர்.

"இல்ல. போய்ப் பூட்ட இழுத்துப் பார்த்துட்டு வாங்க."

"இன்னைக்கு நீதானே பூட்டின!"

"அதான் சொல்றேன். நான்தான் பூட்டினேன். நீங்க போய்ப் பாருங்க."