அதட்டாத மாமியார்

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மாமியாராக வரும் நடிகை கண்ணை உருட்டினால் எங்கள் டிவிப் பெட்டியே அதிரும். பல்லைக் கடித்து, மருமகளின் கூந்தலைப் பிடித்து இழுத்து, கொள்ளிக்கட்டையை ஓங்குவார். கொஞ்சம் அதிகம்தான்; மூச்சைக்கூடக் கொடூரமாகத்தான் விடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தச் சேனலில் அது ஓடினாலும் என் மாமியார் விடமாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியுமா அம்மணி ஒரு பொம்பள இருப்பா?" என்று என்னிடமே கேட்பார்.

போத்தனூரில் அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போன இரண்டாம் வருடம், சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. படித்த நாளிலிருந்து ஏங்கிக் கிடந்த வேலை. வேலை உத்தரவை மாமியாரிடம் காட்டினேன். "தாராளமாப் போய்ட்டு வா கண்ணு, ஆரு வேண்டாங்கறா? மாமாவுக்கு நேரத்துக்குச் சோறு போடோணும். முட்டி வலியோட நானே எப்படியோ செஞ்சுபோடறேன்" என்று சிரித்தார். மறுநாள் காலையில் நான் எழுவதற்குள், தெருவே பார்க்க, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

கணவரிடம் சொன்னேன். "அம்மா போகச் சொல்லித்தான இருக்காங்க?" என்றார். உடுமலைப்பேட்டைக்குப் போன் போட்டால் என் அம்மா, "கண்ணுன்னு கூப்புடற மாமியா ஆருக்குக் கெடைக்கும்?" என்றாள். மாமியார் சொன்னதை வரிக்கு வரி ஒப்பித்துப் பார்த்தேன். எனக்கே அதில் ஒரு குற்றமும் அகப்படவில்லை. அந்த நடிகையைப் போல ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், அன்றைக்கே துணிந்து வேலைக்குக் கிளம்பியிருப்பேன். சேர வேண்டிய நாள் கடந்துபோனது. "நாந்தான் போகச் சொன்னனே கண்ணு" என்று அவரே வருத்தப்பட்டார். அதன் பிறகு எந்த வேலைக்கும் நான் மனுப் போடவில்லை. அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் அவர் இறந்துபோனார். கூடம் நிறைய உறவுக்காரப் பெண்கள். "ஒரு நாளாச்சும் மருமகள அதட்டிப் பேசியிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, கணவரின் சித்தி சாட்சிக்கு என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"இல்லீங்க. ஒரு நாளும் அதட்டுனதில்லீங்க" என்றேன். அத்தனையும் உண்மை. அது உண்மையாக இருந்த ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை.

"பெத்த தாய்க்கு அழுகறாப்பல அழுகுது பாருங்க" என்று சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.