ஓடினால் பயமில்லை

மின்சாரம் போனால் போதும், தேசப்பன் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவார். மற்றவர்கள் விசிறியைத் தேடும் நேரத்தில் இந்த மனிதர் வாசலுக்கு வெளியே நின்று மூச்சு வாங்குவார். எங்கள் காலனிப் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கும். நான் சிரித்ததில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் அவரோடு உலையடியில் நின்றவன் நான். கரண்ட் போனால் எனக்கும் கால் பரபரக்கும். வெட்கத்துக்காக உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

உலைக்குக் காற்று ஊதும் ப்ளோயர் இரவும் பகலும் ‘உம்’மென்று ஒரே மாதிரி இரையும். அது இரைந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி. கரண்ட் போய் அது நின்றுவிட்டால் உலைவாய் வழியாக நெருப்பு வெளியே சீறும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். “ஓடிக்கினு கீதா, பயமில்ல. நின்னுச்சா, நீ நிக்காத” என்பது எங்கள் மில்லில் எல்லோருக்கும் மனப்பாடம். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும். உடம்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

உலையைப் பார்த்துப் பார்த்தே தேசப்பனுக்குக் கண் மங்கியது. சர்க்கரையும் சேர்ந்துகொள்ள, கடைசியில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. மில்காரர்கள் ஒரு பூப்போட்ட சால்வையைப் போர்த்தி அனுப்பி வைத்தார்கள். பார்க்க முடியாதவனுக்குப் பூ எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

அவர் மனைவி சாராள் சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்தாள். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்குத் தேசப்பன் கோலைத் தட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய்விடுவார். கண் தெரியாதவன் கண் தெரிகிறவளைக் கூட்டிவரப் போகிறானா என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

“ஊட்லயே குந்திக்கினு இன்னா பண்றது? அவ வர்ற வழியில நான் கீறேன்னு அவளுக்கு ஒரு தெம்புப்பா” என்பார்.

சாராள் திட்டுவாள். ஆனால் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பாள். அந்த நடை ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம்.

அப்போதுதான் கம்பெனி சரக்கு ஏற்ற ஒரு கரண்டு வேன் வாங்கியது. சத்தமே இருக்காது; வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. டிரைவர் ராபின் நல்ல பையன். தேசப்பனைக் கண்டால் தலையை வெளியே நீட்டி, “ஒதுங்கு நைனா!” என்று கத்துவான். ஒருநாள் கத்துவதற்குள் வேனின் பக்கக் கண்ணாடி அவர் தோளில் இடித்துக் கீழே தள்ளிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. சாராள் கூட வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வண்டின்னா சத்தம் வோணும் சார். என் ஊட்டுக்காரரு காதால தான் ரோட்ட பாக்குறாரு” என்றாள் மேனேஜரிடம்.

வேன் முன்னால் ஒரு ஸ்பீக்கர் வந்தது. மெதுவாகப் போகும்போது ‘உம்’மென்று இரையும். சாராளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் தன் புருஷனுக்காக ஒரு வண்டியையே பேச வைத்தார் என்று சாட்சி சொன்னாள். நாங்களெல்லாம் அல்லேலூயா சொன்னோம்.

“சாராளு, நம்ம ப்ளோயர் மாரியே கீது” என்று தேசப்பன் சிரித்தார்.

“அது வண்டிய்யா. சத்தம் கேட்டா ஒதுங்கிடு.”

“எனக்குத் தெரியாதா?” என்றார். தெரியத்தான் செய்தது, புத்திக்கு.

ஸ்பீக்கர் வந்த பிறகு ராபின் கத்துவதை விட்டுவிட்டான். அதான் வண்டியே சொல்கிறதே. அன்று சாயங்காலம் வேன் இரைந்துகொண்டே கேட்டுக்குள் திரும்பியது. தேசப்பன் கேட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஒதுங்கிவிடுவார் என்று அவன் நினைத்தான். அவர் நிற்கக்கூட இல்லை. நிதானமாக, தைரியமாக நடந்தார். வேன் மெதுவாகத்தான் தட்டியது. தலை கால்வாய் சிலாப்பில் மோதிவிட்டது. கேட்டுக்கு உள்ளே நின்று சாராள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை நினைவு வந்தது. “ஓடிக்கினு தான இருந்துச்சு சாராளு... அதான் பயப்படாம நடந்தேன்” என்றார். அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. அவளுக்கு விளக்கிச் சொல்லும் பாவமும் என் தலையில்தான் விழுந்தது. “நான் கேட்டு வாங்குன சத்தம்ணா அது” என்று ஆஸ்பத்திரித் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஸ்பீக்கரை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று அடக்கம் முடிந்த பிறகு கேட்டேன். “வாணாம்ணா. வேற யாருக்காச்சும் ஒதவும்” என்றாள். இப்போதும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். வேன் இரைந்துகொண்டே வருகிறது. ராபின் யாரும் இல்லாத ரோட்டிலும் ஒதுங்கச் சொல்லிக் கத்துகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் ஜெபக் கூட்டம். பாதி ஜெபத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றது. கண்ணை மூடியிருந்த சாராளின் கை சட்டென்று பக்கத்தில் நீண்டு, இல்லாத கையைத் தேடிப் பாயைப் பிடித்துக்கொண்டது.

“குந்துய்யா. இது மில்லு இல்ல, நம்ம ஊடு” என்றாள்.

நான் எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டேன்.