கிறுக்கி வரைந்த அரக்கன்

கோழியின் கழுத்தை எந்த இடத்தில் பிடித்து எப்படித் திருப்பினால் அது சட்டென்று அடங்கும் என்பது, அகர வரிசை தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சந்தை முனையில் கோழிக்கறிக் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையின் பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்துகொள்வாள். அப்பா தொடையை இடுப்பிலிருந்து முறித்துப் பிரிப்பதையும், வெள்ளை நரம்பு இழுபட்டு அறுவதையும் கண் கொட்டாமல் பார்ப்பாள். பார்த்ததைக் கறி மடிக்கும் தாளில் அப்படியே வரைவாள்.

"மடிக்கிற தாளையெல்லாம் நாசம் பண்ணி வச்சிருக்கா. இந்தக் கிறுக்கிய வச்சுக்கிட்டு நான் எப்படிக் கடை நடத்துறது?" என்று அப்பா கத்துவார். கிறுக்குகிறவள் என்று சொன்னாரா, கிறுக்குப் பிடித்தவள் என்று சொன்னாரா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில் கிறுக்கி, பிறகு ஓவியக் கல்லூரியிலும் கிறுக்கி.

அவளுக்கு ஓர் அண்ணன். வீட்டில் யாரோ கழித்துக் கொடுத்த பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் வாளும் மந்திரமும் பாதாளக் கோட்டையும் அரக்கர் படையுமாக ஒரு விளையாட்டு. இருவரும் சேர்ந்துதான் ஆடுவார்கள். அண்ணன் கேடயம் ஏந்தி முன்னால் போவான், அவள் பின்னால் நின்று அம்பு விடுவாள். தலை தெறிக்கும், குடல் சரியும், அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் மட்டும் நடுவில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, செத்துக் கிடக்கும் அரக்கனின் தோள்பட்டையைப் பார்த்து வரைவாள்.

"செத்தவனைப் போய் என்னடி பாக்குற? அடுத்தவன் வர்றான் பாரு!" என்பான் அண்ணன்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். மூக்குக்கு மேல் கோபம் வரும். மேற்பார்வையாளர் அம்மாவை இழுத்துத் திட்டியதற்கு அந்த ஆளின் முன்பல்லை உடைத்துவிட்டு வந்து, வீங்கிய கையைப் பனிக்கட்டிக்குள் அமுக்கிக்கொண்டு சாப்பிட்டான். ஆனால் தங்கை கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு மை, பேனா, கனத்த தாள் எல்லாம் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

கல்லூரியில் அவள் கையைப் பிடித்து இழுத்தவை இரண்டு. ஒன்று, பழைய புத்தகக் கடைகளில் அவள் தேடிப் பொறுக்கிய, அட்டை கிழிந்த சிறுவர் கதைப் புத்தகங்களின் படங்கள். மெல்லிய பேனாக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியே இருட்டை உண்டாக்கியிருப்பார்கள். அந்த இருட்டுக்குள் ஒரு பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இன்னொன்று பண்பாட்டுக் கோட்பாடு என்ற பாடம். பாதி வகுப்பு தூங்கும். அவள் தூங்கவில்லை. ஒரு சமூகம் யாரைப் பார்த்துப் பயப்படுகிறதோ, யாரை அடிக்க ஆசைப்படுகிறதோ, அவர்களின் உடம்பைத்தான் பூதமாக வரைகிறது என்று பாடம் நடத்திய ஆசிரியை ஒருநாள் சொன்னார். அவளுக்கு உடனே தன் விளையாட்டு ஞாபகம் வந்தது. அரக்கன் ஏன் எப்போதும் கூனன்? ஏன் காய்த்த கை, கோணல் பல், வெயிலில் கறுத்த தோல்? மூட்டை தூக்குகிறவனின் உடம்பு அல்லவா அது? அதையே கட்டுரையாக எழுதினாள். ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அது தலையில் ஏறியதே தவிரக் கைக்கு இறங்கவில்லை.

அப்பாவின் கடைக்குக் கத்தி தீட்ட ஒரு சாணைக்காரர் வருவார். மிதிகட்டையோடு கூடிய சக்கரத்தைத் தோளில் சுமந்து சுமந்து அவர் முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. எப்போதோ தெறித்த பொறியில் இடது கண் குழிந்துவிட்டது. மேலுதடு பிறவியிலேயே பிளவுபட்டது. கிறுக்கிக்கு அந்த முகத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. வரும்போதெல்லாம் உட்காரவைத்து வரைவாள்.

"என்னைப் போய் வரையிறியே, ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"உங்க மூஞ்சியில நிறைய வேலை இருக்கு மாமா."

"வேலையா? ஆண்டவன் பாதியில போட்டுட்டுப் போன வேலைம்மா இது!" என்று சொல்லிச் சக்கரம் குலுங்கச் சிரிப்பார்.

விளையாட்டு நிறுவனம் ஒன்று புது அரக்கனுக்கான படப் போட்டி அறிவித்தது. கிறுக்கி சாணைக்காரரின் முகத்தை எடுத்துக்கொண்டாள். கூனை இன்னும் ஏற்றினாள். குழிந்த கண்ணை இன்னும் தோண்டினாள். பிளந்த உதட்டுக்குள் ஈறு தெரிய வைத்தாள். தோளில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மூட்டை. ஏதோ குறைகிறதே என்று யோசித்து, கடைசியில் மூட்டை வாயிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போல வரைந்தாள். படம் தேர்வானது. பார்த்தவர்கள் மிரண்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விளையாட்டு வெளிவந்ததும் அண்ணனுக்குக் காட்டலாம் என்று வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்துப் பேட்டையில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்று பேச்சு கிளம்பியது. குழந்தை பெரியம்மா வீட்டில் விளையாடிவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. யாரோ அவள் படத்திலிருந்து விளையாட்டின் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, 'பிள்ளை பிடிக்கிறவன். இந்த மூஞ்சியைப் பார்த்தால் விடாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டுக் கைபேசிகளில் சுற்றவிட்டார்கள்.

கல்லூரியில் தோழி ஒருத்தி அதைக் காட்டியபோது கிறுக்கி தன் கைபேசியை எடுத்தாள். 'இது நான் வரைந்த படம், விளையாட்டுக்கு வரைந்தது, இப்படி ஓர் ஆளே இல்லை' என்று எழுதினாள். 'நீயும் அந்தக் கூட்டமா?' என்று பதில் வந்தது. இப்படி ஓர் ஆளே இல்லை என்று எழுதிய பிறகுதான் அப்படி ஓர் ஆள் இருப்பது அவளுக்கு உறைத்தது. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

சந்தைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. காய்கறிக் கடைகளுக்கு நடுவே ஒரு வட்டம். வெளியே நின்றவர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். முட்டியும் கிள்ளியும் உள்ளே புகுந்தாள். சாணைச் சக்கரம் உடைந்து கிடந்தது. அதன் சட்டத்துக் கட்டைகளைப் பிடுங்கி அவற்றாலேயே அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். தராசுக்காரர் ஒருவர் எடைக்கல்லை எடுத்து முட்டியில் போட்டார். எலும்பு உடையும் ஓசை அவளுக்குப் பழக்கமானது, கோழித் தொடையை முறிக்கும்போது வருகிற அதே ஓசை, இது மட்டும் பெரிதாகக் கேட்டது. செருப்புக் காலோடு ஒருவன் தாடையில் மிதித்தான். சாணைக்காரர் ஏதோ சொல்லப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தமும் பல்லும்தான் வந்தன.

"விடுங்க! அது நான் வரைஞ்ச படம்! இவரு கத்தி தீட்டுறவரு!" என்று அலறினாள். யார் காதிலும் விழவில்லை. அவர்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். முதுகில் ஓர் உதை விழுந்தது. பிறகு இடது தோளில் கட்டையால் ஓர் அடி. காறை எலும்பு உள்ளே இரண்டாகப் போனது அவளுக்கே கேட்டது. தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். வியர்த்து, வாய் பிளந்து, கண் சிவந்த முகங்கள். அவற்றில் ஒன்று அண்ணன் முகம். கையில் ரத்தம் தோய்ந்த கட்டை.

அவன் அவளைப் பார்த்தான். கட்டை கையிலிருந்து நழுவியது. மறு நொடி பக்கத்தில் நின்றவனைத் தூக்கி எறிந்தான். "என் தங்கச்சிடா! தள்ளுங்கடா!" என்று கத்திக்கொண்டு, சற்று முன்பு தன்னோடு சேர்ந்து அடித்தவர்களையே அடிக்கத் தொடங்கினான். காவலர்கள் வந்து சேர்ந்தபோது கூட்டம் கரைந்திருந்தது. அவனும் இல்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்தான். கட்டிலோரம் நின்றான். உட்காரவில்லை.

"கிடங்குல எல்லாரும் படத்தைக் காட்டினாங்க. பாத்ததுமே உன் கைன்னு தெரிஞ்சுது. நீ வரைஞ்சிருக்கேன்னா உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"அது சாணைக்கார மாமாண்ணா. நம்ம கடைக்கு வர்றவரு."

"நான் போறப்பவே கீழ கிடந்தாரு. ரத்தம். மூஞ்சியே தெரியல கிறுக்கி."

"மூஞ்சி தெரியாமலா அடிச்ச?"

அவன் திரும்பி வெளியே போய்விட்டான்.

விசாரணைக்கு ஆய்வாளர் வந்தார். கைபேசியில் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அழித்துவிட்டார்கள். மிஞ்சிய காட்சிகளில் முதுகுகள்தான் இருந்தன. சந்தையில் கேட்டால், அந்த நேரத்தில் அத்தனை பேரும் குனிந்து கல்லாப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கிறுக்கி தாளும் பென்சிலும் கேட்டாள். வலது கை நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆய்வாளர் தேநீர் குடிக்க வெளியே போனதும் மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவனுங்களை வரை. அவனை மட்டும் விட்டுடும்மா. கூடப் பொறந்தவன்."

"அவரும் யாருக்கோ கூடப் பொறந்தவருதானேம்மா."

ஒவ்வொரு முகமாக வரைந்தாள். மூக்கை நீட்டவில்லை, பல்லைக் கோணலாக்கவில்லை. அடிக்காத நேரத்தில் அவர்கள் வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படி, சாதாரண முகங்களாக வரைந்தாள். அப்படி வரைந்ததால்தான் அடையாளம் தெரிந்தது. கடைசித் தாளைப் பார்த்துவிட்டு ஆய்வாளர், "இது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். எங்கண்ணன்."

அவனைக் கைது செய்த அன்று, தோளில் கட்டோடு கடைக்குப் போனவளை அப்பா வாயிலேயே அறைந்தார். உதடு கிழிந்தது. அதுவரை அவளை அடித்திராதவர். கோழி முக்கும் வெந்நீர் அடுப்பில் அவள் படங்களைக் கட்டுக்கட்டாகத் திணித்தார். "வாங்கிக் குடுத்தவன் உள்ள இருக்கான். வரைஞ்சவ வெளிய நிக்கிறா. போ, கண்ணு முன்னாடி நிக்காத." அவள் தோழியின் அறைக்குக் குடிபோனாள்.

ஆசிரியை ஆறுதல் சொன்னார். "திருடி அப்படி எழுதிப் போட்டவன்தான் குற்றவாளி. நீ என்னம்மா பண்ணுவே?"

"மூட்டைக்குள்ள அந்தக் கையை வரைஞ்சது நான்தானே மேடம்" என்றாள்.

சாணைக்காரர் பிழைத்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கால் இனி மிதிகட்டைக்கு உதவாது. கிறுக்கி அவர் வீட்டுக்குப் போனபோது, கைக்கு எட்டிய தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் மேல் வீசினார். நெற்றியில் பட்டது. அவர் மனைவி ஓடிவந்து தடுத்தாள். குழறிக் குழறி அவர் கேட்டது ஒன்றுதான்.

"உன் முன்னாடி சிரிச்சுக்கிட்டே தானே உக்காந்திருந்தேன்? அந்தச் சிரிப்பை ஏன் வரையல?"

மன்னிப்புக் கேட்க வந்தவள் வாசற்படிக்கு இறங்கினாள். "இனிமே வராதம்மா" என்று அவர் மனைவி கதவைச் சாத்தினாள். அதன் பிறகு கிறுக்கியும் போகவில்லை. சக்கரம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கவும் அவளுக்குத் துணிவில்லை.

படிப்பை முடித்தாள். மருத்துவப் பாடநூல்களுக்குத் தசையும் எலும்பும் வரைகிற வேலை கிடைத்தது. அப்பாவின் கடைப் பின்பக்கம் கற்றது அங்கே கைகொடுத்தது. அரக்கர்களையும் விடவில்லை. விளையாட்டு நிறுவனங்கள் கேட்டால் வரைகிறாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் பல்லை, தன் தாடையை, தன் கழுத்து நரம்பைப் பார்த்து வரைகிறாள். இன்னொருவர் முகத்தைக் கேட்டால் மறுத்துவிடுகிறாள்.

சிறையில் இருந்தவரை அண்ணன் அவளைப் பார்க்க ஒப்பவில்லை. விடுதலையாகி, வேறு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் அறை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். உள்ளே சண்டையில் ஒரு காது கிழிந்திருந்தது.

"என் மூஞ்சிய வரைய எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?"

"மத்தவங்களை விட ரொம்ப நேரம்."

"ஏன்? பாத்துப் பழகின மூஞ்சிதானே?"

"அதனாலதான்."

"அந்த ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டான். தெரியாது என்றாள். "நானும் போனேன். கதவைத் திறக்கல" என்றான்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மேசை மேல் பாதி வரைந்த தோள்பட்டை எலும்பு ஒன்று இருந்தது. அதைத் தள்ளாமல், ஓரமாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். அடுப்பைப் பற்றவைத்தாள்.