காதைப் பிடித்துத் தூக்கிய மச்சான்

இன்று காலை என் வீட்டில் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

நிபோங் திபாலிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி, நான் தேத்தண்ணீர் கலக்கப் போன நேரத்தில், என் முயல் பஞ்சுவை இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிவிட்டான். அவள் கால்களை உதைத்துக்கொண்டு தொங்குகிறாள்!

"டேய், கீழ விடுடா!"

"ஏன் மாமா கத்துறீங்க? காது இவ்ளோ நீளமா இருக்கிறது எதுக்கு லா? தூக்கத்தானே!"

"ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ. உன் காதப் பிடிச்சு உன்னைத் தூக்கட்டுமா?"

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் நான். கண்டெய்னர் நிறைய முட்டையை, ஒன்றுகூட விரிசல் விடாமல் கப்பலில் இறக்கியவன். அந்த நானே இவளைத் தொட மூன்று வாரம் காத்திருந்தேன். தினமும் தரையில் படுத்து, கங்கோங் கீரையை நீட்டி, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். நேற்றுதான் தானாக வந்து என் கையில் தாடையை வைத்தாள்.

இன்று நான் போட்ட சத்தம் பட்டர்வொர்த் வரை கேட்டிருக்கும். அவன் இறக்கிவிட்டான். பஞ்சு சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

இரண்டு மணி நேரமாக மறுபடியும் தரையில் கிடக்கிறேன். என் குரல் கேட்டாலே பயத்தில் பின்னங்காலால் தரையைத் தட்டுகிறாள். சற்றுமுன் வெளியே வந்தாள். வந்து, பேசாமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அவன் காலை முகர்ந்தாள்!

காதைப் பிடித்தவன் நல்லவன், நியாயம் கேட்டவன் கெட்டவனா?

முயல் வளர்ப்பவர்கள் இங்கேயே பதில் எழுதுங்கள். போன் மட்டும் பண்ணாதீர்கள், மணி அடித்தால் மறுபடி ஓடிவிடுவாள்.