நாலு நிமிஷத் தாமதம்

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பல்கலைக்கழக வளாகம் முழுக்க அவர் 'கடிகாரம்' அண்ணன்தான். இருபத்தெட்டு வருஷம் வளாக பஸ் ஓட்டியவர், ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. துணைவேந்தரே ஓடி வந்தாலும் எட்டேகாலுக்குக் கதவை மூடிவிடுவார் என்பார்கள். மனிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் வைத்த பஸ் அவருடைய கடைசி வருஷத்தில் புதிதாக வந்தபோது அவரிடம்தான் கொடுத்தார்கள். அந்த லிஃப்டில் ஏறுகிற ஒரே ஆள் நான். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை எனக்கு, எட்டரைக்குள் போய்த் திறக்க வேண்டும். குடியிருப்பிலிருந்து ஆய்வகம் வரை ஒரே மேடு. அந்த பஸ் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

லிஃப்ட் இறங்கி, நான் ஏறி, நாற்காலியை பெல்ட் போட்டுக் கட்டி முடிக்க நாலு நிமிஷம் ஆகும். கால அட்டவணை போட்ட புண்ணியவான் எங்கள் நிறுத்தத்துக்குக் கொடுத்ததோ அரை நிமிஷம். கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று அண்ணன் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பார்க்கலாம் என்றார்கள். நானும் மனு கொடுத்தேன். அதையும் பார்க்கலாம் என்றார்கள். எதைத்தான் பார்த்தார்களோ.

தன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று அண்ணன் ட்ரிப் ஷீட்டில் தினமும் எழுதினார்: தாமதம் நாலு நிமிஷம், காரணம் லிஃப்ட். எழுதிக்கொண்டே இருந்தால் அதிகாரி கண்ணில் படும், நேரத்தைக் கூட்டித் தருவார் என்று நம்பினார். கண்ணில் பட்டது. மூன்று மாத ஷீட்டைப் புரட்டிய அதிகாரி, இந்த வழித்தடத்தைக் கெடுப்பதே லிஃப்ட்தான், அடுத்த மாதத்திலிருந்து அந்த பஸ் விருந்தினருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டப் போகட்டும் என்று குறிப்பு எழுதிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி மேல் பாதி, கடிகாரத்தின் மேல் பாதி.

"உங்க பேரைக் காப்பாத்திக்கிட்டீங்க. என் பஸ் போச்சு," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் குனிந்து பெல்ட்டை மாட்டினார்.

மறுநாள் ஷீட்டில் காரணம் மாறியிருந்தது. அவர் இருக்கைக்குப் பின்னால்தான் என் இடம், எழுதியது நன்றாகவே தெரிந்தது. தாமதம் நாலு நிமிஷம், காரணம் ஓட்டுநர். அதற்கடுத்த நாளும் அதேதான். ஒரு வாரத்தில் முதல் மெமோ வந்தது, பின்னாலேயே இரண்டு. லிஃப்ட் மேல் புகார் நின்றதால் பஸ்ஸை மாற்றும் பேச்சும் கிடப்பில் விழுந்தது.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"விடும்மா. ரிட்டயர் ஆக அஞ்சு மாசம்தான் இருக்கு. மெமோ என்னை என்ன பண்ணிடும்?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அட்டவணையில் ஒரு வரியைத் திருத்த ஒரு பேனா போதும். அதைத் திருத்த மனமில்லாதவர்களுக்காக ஒரு மனிதர் தன் இருபத்தெட்டு வருஷப் பெயரைத் தானே அழித்துக்கொள்ள வேண்டுமா?

அவருடைய பிரிவுபசாரத்தில் அதிகாரி பேசினார். தங்கமான மனுஷன், கடைசியில்தான் வயசு காட்டிவிட்டது, கடிகாரம் கொஞ்சம் ஸ்லோ ஆகிவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நான் கைதட்டவில்லை.

திங்கட்கிழமை புது ஓட்டுநர் வந்தார். லிஃப்டை இறக்கி, என்னை ஏற்றி, பெல்ட்டின் முனையைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டுவதற்குள் ஆறு நிமிஷம் ஓடிவிட்டது. ஆய்வகத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு, ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"லேட்டுக்குக் காரணம் கேட்டிருக்காங்க. லிஃப்ட்னு போடவா, இல்ல நான்தான்னு போடவா?"

"ரெண்டும் வேணாம். இந்த நிறுத்தத்துக்குக் குடுத்த நேரம் பத்தலைன்னு போடுங்க. தினம் போடுங்க."

எழுதினார். நான் ஷீட்டை வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.