சுல்ஃபத்தின் பட்டை

மட்டாஞ்சேரி சுல்ஃபத் சாராயம் விற்கிறாள் என்ற பேச்சு, ஐம்பத்தெட்டாம் வருஷம் கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் முன்பு எர்ணாகுளம் படகில் ஏறியது. அக்கரையில் இறங்குவதற்குள் நன்றாகப் பெருத்துவிட்டது. ஐந்து வேளை தொழுகிற ராவுத்தர் வீட்டு விதவை. பகலெல்லாம் கிடங்கில் ஏலமும் கிராம்பும் தரம் பிரிப்பவள். ஆனாலும் சாட்சிகள் இருந்தார்கள். போர்ட் கொச்சியின் பெரிய வீட்டுச் சமையல்காரிகள் அவள் பின்வாசலுக்கு வந்து, மேல்முண்டுக்குள் குப்பியை மறைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள்.

விசாரித்தால், குப்பியில் இருந்தது கேக்கில் போடும் மசாலாப் பொடி. வீட்டுக்கு வீடு தனித்தனியாக இடித்துத் தருவாள். பட்டையை ஒடித்தால் கேட்கும் சத்தத்திலேயே அதன் வயசைச் சொல்லிவிடுவாள். எந்த வீட்டுக் கிழவருக்குக் காரம் ஆகாதோ அங்கே கிராம்பு குறைவு. எந்த அடுப்பு அடி பிடிக்குமோ அங்கே ஜாதிக்காய் ஒரு சிட்டிகை கூடுதல். மணம் பறந்துவிடாமல் காலி மருந்துக் குப்பியில் அடைத்துத் தக்கை வைப்பாள். இவ்வளவுக்கும், அவள் வாயில் கேக் பட்டதே கிடையாது.

வினை ஒரு சொல்லில் இருந்தது. லவங்கப்பட்டையை ஊரார் முழுசாகக் கறுகப்பட்டை என்பார்கள். சுல்ஃபத்தின் தமிழில் அது வெறும் பட்டை. வாங்க வந்தவர்களும் பொடியை அப்படியே சொல்லப் பழகினார்கள். வெறும் பட்டை என்றால் கொச்சிக் குடிமக்களுக்குச் சாராயம்.

பேச்சு பாலக்காடு வரை போய்விட்டது. ஜனவரியில் மகள் நசீபாவின் நிக்காஹ். மாப்பிள்ளையின் அத்தா ரஷீது ராவுத்தர், நேரில் பார்த்துச் சம்பந்தத்தை முறித்துவிட்டுப் போகலாமென்று, கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் இருக்கையில் ரயிலேறி வந்தார். வந்து உட்கார்ந்து, சாயாவைத் தொடாமல், குப்பிகள் அடுக்கியிருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போர்ட் கொச்சிச் சமையல்காரி திரேசியா உள்ளே வந்தாள்.

"சுல்ஃபத்தே, ஒரு குப்பி பட்ட தா. அதில்லாதெ எந்து கிறிஸ்மஸ்?"

ரஷீது ராவுத்தர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுல்ஃபத் தக்கையைப் பிடுங்கிக் குப்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"குடிச்சிட்டே போங்க, சம்மந்தி."

குற்றத்தை முழுசாகப் பிடிக்கும் ஆவலில் அவர் மூச்சை ஆழ இழுத்தார். ஏழு தும்மல்.

மனமிரங்கிய திரேசியா, ருசி பார்க்க முன்கூட்டியே சுட்டுக் கையோடு கொண்டுவந்திருந்த கேக்கில் ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் வாயருகே கொண்டுபோனபோது சுல்ஃபத்தின் மூக்கு விடைத்தது. சும்மா இருந்திருந்தால் அவர் இன்னொரு துண்டும் கேட்டிருப்பார், சம்பந்தமும் இனித்திருக்கும்.

"அதெ வச்சிருங்க சம்மந்தி. நீங்க தேடி வந்தது அதுலதான் இருக்கு."

ஒரு மாதம் ரம்மில் ஊறிய உலர்திராட்சை. திரேசியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராவுத்தர் துண்டை மெல்லக் கீழே வைத்தார். நிக்காஹ் சொன்ன தேதியிலேயே நடக்கட்டும் என்றார். வீட்டுக்காரிக்கென்று ஒரு குப்பி கேட்டு வாங்கி, காலிக் குப்பியை ஜனவரியில் கொண்டுவருவதாகச் சொல்லி, தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டே படகேறினார்.

இப்போது அறுபத்தேழாம் வருஷம். நசீபாவுக்கு மூன்று பிள்ளைகள். டிசம்பர் பிறந்ததும் சுல்ஃபத் குப்பிகளைக் கழுவி வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து எண்ணுகிறாள். பாலக்காடு போன ஒன்று இன்றும் குறைகிறது.